துணியைத் துணின்னே எழுதிக் குடுத்த கும்பகோணம் ஆஸ்பத்திரி

5க்கு 5 ஸ்டார் குடுக்கறேன். பார்க்கிங் கிடையாது, லிஃப்ட் கிடையாது, காலைல எட்டு மணிக்கு டோக்கன் போட்டா டாக்டரம்மாவப் பாக்க மதியம் ஒரு மணி ஆகும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் இங்க செல்லாது. அப்படியிருந்தும் 5தான்.

பேரு போடலைன்னு கோச்சுக்காதீங்க. இந்த ஆஸ்பத்திரி பேரப் போட்டா நாங்க இதுக்கு முன்னாடி எங்க போனோம்னு எங்க பக்கத்து ஆளுங்க ஒரு நிமிஷத்துல கண்டுபுடிச்சிருவாங்க. அங்க ஆபரேஷன் பண்ணப்ப எங்கம்மா வயித்துல ஒரு துணிய விட்டுத் தச்சுட்டாங்க, அதப் பத்தின புகார் இன்னும் டாக்டருங்களப் பதிவு பண்ணி விசாரிக்கற மெடிக்கல் கவுன்சில்ல விசாரணைல இருக்கு, அது முடியற வரைக்கும் யார் பேரும் வெளிய வரவேணாம்னு டாக்டரம்மாவே கேட்டுக்கிட்டாங்க. கும்பகோணத்துக்குள்ள இருவது பெட் இருக்கற ஒரு சின்ன ஆஸ்பத்திரி, இப்போதைக்கு அவ்ளோ சொன்னா போதும்.

எங்கம்மாவுக்கு 56 வயசு. மன்னார்குடி பக்கம் கிராமம், நடவு ஆளுங்களோட சேந்து சேத்துல நிக்கிறவங்க. நார்க்கட்டி இருக்கு, ரத்தப்போக்கு நிக்கலன்னு போன வருஷம் தை கடைசில கர்ப்பப்பைய எடுத்தாங்க, அது வேற ஊரு, வேற ஆஸ்பத்திரி. அஞ்சாம் நாள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பத்து நாளைக்கெல்லாம் வலி ஆரம்பிச்சிருச்சு. திரும்பிப் போனோம், வயித்துல வாயு, வெறும் கேஸ்னாங்க. மறுபடி போனோம், இந்த வயசுல அப்படித்தான் இருக்கும், மனசுல போட்டுக் கொழப்பிக்காதீங்கன்னாங்க. மாசி, பங்குனி, சித்திரைன்னு மூணு மாசம் ஓடிருச்சு, சாயந்தரம் ஆனா காய்ச்சல், சோறு பாதி தட்டுலயே கெடக்கும், ஜாக்கெட்டெல்லாம் தோள்ல நிக்காம எறங்குது, ராத்திரி வலிக்கும்போது எங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு தலகாணிய வாயில வச்சுக் கடிச்சிக்கிட்டுக் கெடந்தாங்க, அத என் தங்கச்சி பாத்துட்டு வந்து அழுதா.

நடுவுல எங்க குடும்ப டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனேன். இருவது வருஷமா எங்க வீட்டுக்கே பாக்கறவரு, நல்ல மனுஷன். வயித்துல கை வச்சு அழுத்தினாரு, ஒரு எடத்துல கை அப்படியே நின்னுச்சு. ஒண்ணும் பேசல. கை கழுவிட்டு வந்து உக்காந்து, "தம்பி, ஆபரேஷன் பண்ண எடத்துலயே திரும்பக் காட்டிருங்க, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க"ன்னாரு. அடுத்து ஸ்கேன் சென்டர். அங்க ஸ்கேன் டாக்டர் அந்தக் கருவிய ஒரே எடத்துல வச்சு முன்னயும் பின்னயும் தேச்சுப் பாத்துட்டே இருந்தாரு, எப்ப ஆபரேஷன், எங்கன்னு கேட்டாரு. ஆஸ்பத்திரி பேரச் சொன்னதும் பேச்சு நின்னுபோச்சு. ரிப்போர்ட்ல ஏதோ ஒரு நிழல் தெரியுது, நோயாளியோட நெலமையோட ஒப்பிட்டுப் பாக்கவும்னு ரெண்டு வரி. அவ்ளோதான். அந்த ரெண்டு பேருமே அன்னிக்கே புரிஞ்சுக்கிட்டாங்கன்னு இப்ப எனக்குத் தெரியுது. ஒருத்தர் ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தா எங்கம்மா ரெண்டு மாசம் முன்னாடியே பொழச்சிருப்பாங்க.

மேட்டூர் அணை தொறந்த வாரம், ராத்திரி காய்ச்சல் 103. வாடகைக் கார் புடிச்சுக் கும்பகோணம் கெளம்பினோம், நீடாமங்கலம் கேட்ல கூட்ஸ் வண்டி நின்னுடுச்சு. அந்த கேட்ல நின்னவங்களுக்குத் தெரியும். பின்சீட்ல அம்மா என் மடியில தலைய வச்சு, "நாத்தங்காலுக்குத் தண்ணி வந்துருச்சாப்பா"ன்னு கேக்கறாங்க, உடம்பு அனலா கொதிக்குது, கேட் தொறக்கல.

டாக்டரம்மா ராத்திரியே வந்து பாத்தாங்க. பழைய பேப்பர் எல்லாத்தையும் வாங்கி மேஜைல பரப்பி தேதி வாரியா அடுக்குனாங்க. எக்ஸ்ரே எடுத்தாங்க, விடியக்காலைல சிடி ஸ்கேன் எடுத்தாங்க. எக்ஸ்ரேய வெளிச்சத்துல மாட்டி என்னைக் கிட்ட கூப்புட்டுக் காட்டினாங்க, வயித்துக்கு உள்ள வெள்ளையா ஒரு நூல் சுருண்டு கெடந்துச்சு, தையல் மிஷின்லேர்ந்து அறுந்து விழுந்த நூலு மாதிரி. "இது ஒடம்புல இருக்கற எதுவும் இல்லங்க. ஆபரேஷன்ல ரத்தத்த ஒத்தி எடுக்கறதுக்கு மாப்புன்னு ஒரு துணி வப்போம். எக்ஸ்ரேல தெரியணும்னே அதுல ஒரு இழை வச்சிருப்பாங்க. அதுதான் இது"ன்னாங்க. எந்தச் சுத்தி வளைப்பும் இல்ல. அம்மாட்டயும் அதே வார்த்தையத்தான் சொன்னாங்க, பயந்துடுவாங்கம்மா, வேற எதாவது சொல்லுங்கன்னு நான் கையப் புடிச்சுக் கேட்டேன், "அவங்க வயிறு, அவங்களுக்குத்தான் மொதல்ல தெரியணும்"னுட்டாங்க.

ஆபரேஷன் ரெண்டரை மணி நேரம். முடிஞ்சதும் தியேட்டர் வாசலுக்கு ஒரு ஸ்டீல் ட்ரேய எடுத்துட்டு வந்தாங்க. உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிப்போயி, பழுப்பும் பச்சையுமா, சீழ் ஊறி ஒரு துணி. மூலைல நாடா மாதிரி ஒண்ணு தொங்குச்சு. நாத்தம் இன்னமும் எனக்கு மூக்குல இருக்கு. அத போட்டோ எடுத்து, டப்பால போட்டு சீல் வச்சு, தேதி நேரம் எழுதி, சிஸ்டரையும் என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. வீட்டுக்கு அனுப்பும்போது குடுக்கற டிஸ்சார்ஜ் சம்மரி சீட்டப் பத்தி அப்பறம் சொன்னாங்க, "டிஸ்சார்ஜ் சம்மரில இதத்தான் எழுதப்போறேன். கட்டி எடுத்தேன்னு எழுத மாட்டேன்."

இந்த ரிவ்யூவ நான் எழுதறதே அந்த வரிக்காகத்தான். சில நேரம் என்ன நடக்கும்னா, ரெண்டாவதா திறக்கற டாக்டர் துணிய எடுத்துப் போட்டுட்டு, "சீழ்க்கட்டி இருந்துச்சு, எடுத்துட்டேன்"னு சொல்லி அனுப்பிடுவாரு, நோயாளிக்கும் தெரியாது, மொதல் டாக்டருக்குப் போன்ல ஒரு வார்த்த சொன்னா நன்றிக்கடனாவும் ஆயிடும். எங்களுக்குக் கெடச்ச சம்மரில முந்தைய அறுவை சிகிச்சையில் வயிற்றினுள் விடப்பட்ட துணி அகற்றப்பட்டதுன்னு பச்சையா இருக்கு, கீழ பேரு, பதிவு எண், கையெழுத்து. மொத ஆஸ்பத்திரி குடுத்த சம்மரில ஆபரேஷன் பண்ணது யாருன்னே கெடையாது.

அதோட நிக்கல. நாலாம் நாள் ரவுண்ட்ஸ் வந்தப்ப, "நீங்க புகார் குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். நான் கவுன்சிலுக்கு எழுதறது என் கடமை. ஆனா அம்மாவோட ரிப்போர்ட்ட அதுல வக்கணும்னா அம்மா சம்மதம் வேணும்"னு கேட்டாங்க. அம்மா, "எழுதுங்க டாக்டரம்மா, அடுத்து ஒரு பொம்பளைக்கு வரக்கூடாது"ன்னாங்க. எழுதறதுக்கு முன்னாடி அந்த மொத டாக்டருக்கும் போன் பண்ணி, நான் இப்படி எழுதப்போறேன்னு சொல்லிட்டுத்தான் எழுதினாங்களாம். அவரு என்ன பதில் சொன்னாருன்னு நான் கேட்டேன், சொல்லல.

கடமைன்னு சொன்னாங்களே, அது நெசமாவே விதியில இருக்கான்னு தேடிப் பாத்தேன். இருக்கு. டாக்டருங்க நடத்தை பத்தி இந்திய மெடிக்கல் கவுன்சில் 2002ல போட்ட ஒழுங்குமுறை விதிகள்ல 1.7னு ஒரு பிரிவு. தொழில்ல இருக்கற இன்னொருத்தர் திறமையில்லாமயோ ஊழலாவோ நேர்மையில்லாமயோ நெறி தவறியோ நடந்தா, பயமோ பாரபட்சமோ இல்லாம அத ஒரு டாக்டர் வெளிப்படுத்தணும்னு சொல்லுது. 2023 ஆகஸ்ட் ஆரம்பத்துல, அந்தக் கவுன்சிலுக்குப் பதிலா வந்த தேசிய மருத்துவ ஆணையம் புது விதிகளக் கொண்டுவந்துச்சு, எதிர்ப்பு வந்ததும் அதே மாசத்துலயே நிறுத்தி வச்சுட்டு பழைய 2002 விதிகளே நடக்கட்டும்னுட்டாங்க. ஆனா அதே பழைய விதியில இன்னொரு வரியும் இருக்கு, இன்னொரு டாக்டர் பாக்கற நோயாளியப் பத்திக் கலந்து பேசும்போது அந்த டாக்டர் மேல நோயாளி வச்சிருக்கற நம்பிக்கையக் கொறைக்கற மாதிரி ஒண்ணும் சொல்லக்கூடாதுன்னு. எங்க குடும்ப டாக்டரும் ஸ்கேன் டாக்டரும் இந்த ரெண்டாவது வரிக்குப் பின்னாடிதான் ஒளிஞ்சுக்கிட்டாங்கன்னு நெனைக்கறேன். மரியாதைக்காகப் போட்ட வரி அது, வயித்துல துணி இருக்கறத மறைக்கறதுக்குப் போட்டது கெடையாது.

இது ஏன் இவ்ளோ முக்கியம்னா, கிரிமினல் வழக்குன்னு போனா நோயாளியால தனியா ஒண்ணும் பண்ண முடியாது. 2005ல ஜேக்கப் மேத்யூ வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிருச்சு, அலட்சியம்னு டாக்டர் மேல கிரிமினல் வழக்கு போடணும்னா இன்னொரு தகுதியான டாக்டரோட கருத்து வேணும், போலீஸும் நடவடிக்கைக்கு முன்னாடி அந்தத் துறையில இருக்கற ஒரு டாக்டர்ட்ட, முடிஞ்சா அரசு டாக்டர்ட்ட, கருத்து வாங்கணும்னு. டாக்டருங்கள வீணா அலைய விடக்கூடாதுன்னு போட்ட நெறி, அதுல நியாயம் இருக்கு, பொய்ப் புகாரும் வருது, ஆஸ்பத்திரிய அடிச்சு ஒடைக்கறதும் நடக்குது. ஆனா அந்த இன்னொரு டாக்டர் வாயத் தொறக்கலன்னா கதவு அங்கயே சாத்திக்குது.

அப்படி வாயத் தொறந்த இன்னொருத்தரு, ஆபரேஷனுக்கு மயக்க மருந்து குடுக்கற டாக்டர், இப்ப அவரு கதைக்கு வரேன். எங்க பக்கம் ஒரே மயக்க டாக்டர் அஞ்சாறு ஆஸ்பத்திரிக்குப் போறது சகஜம். கும்பகோணத்துல அம்மாவுக்கு மயக்கம் குடுக்க வந்தவரு அம்மா மொகத்தப் பாத்ததும் நின்னுட்டாரு, ஏன்னா தை மாசம் அங்க மயக்கம் குடுத்தவரும் அவர்தான். டிஸ்சார்ஜ் அன்னிக்கு என்னை வாசல்ல டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போயி, டம்ளர கையில வச்சுக்கிட்டே குடிக்காம சொன்னாரு. அன்னிக்குப் பெரிய டாக்டர் பாதியில வேற ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிட்டாரு, மூடினது டியூட்டி டாக்டர், கடைசில சிஸ்டர் மாப்ப எண்ணினப்ப ஒண்ணு கொறஞ்சுது, இவரு ரெண்டு தடவ சொன்னாராம், நீ தப்பா எண்ணிருப்பன்னு சிஸ்டரத் திட்டிட்டு மூடிட்டாங்களாம். கணக்கு சரியா வராம வயித்த மூடக்கூடாது, சந்தேகம்னா டேபிள்லயே எக்ஸ்ரே எடுத்துப் பாக்கணும், அந்த நூலு அதுக்குத்தான் இருக்குன்னு அவரே சொல்றாரு. நாலு மாசமா இவருக்குத் தெரியும்! எனக்கு அவரு மேல வந்த கோவம் இன்னிக்கும் முழுசா போகல. ஆனா மூணு வாரம் கழிச்சு அத அப்படியே எழுதி கையெழுத்துப் போட்டு டாக்டரம்மாட்ட குடுத்தாரு. அந்த ஆஸ்பத்திரிலயும் இன்னும் ரெண்டு எடத்துலயும் அதுக்கப்புறம் அவரக் கூப்புடறதில்ல. ரெண்டு புள்ளைங்க காலேஜ் படிக்குதாம்.

எங்க சித்தப்பா பொண்ணு இங்கிலாந்துல நர்ஸா இருக்கு. போன்ல இத சொன்னதும், பிரிஸ்டல்னு ஒரு ஊர்ல நடந்தத சொல்லுச்சு, நானும் அப்பறம் தேடிப் படிச்சேன். அங்க பெரிய ஆஸ்பத்திரில குழந்தைங்களுக்கு இதய ஆபரேஷன்ல சாவு அதிகமா இருக்குன்னு கண்டுபுடிச்சு திரும்பத் திரும்பச் சொன்னவரு ஸ்டீபன் போல்சின், அவரும் மயக்க டாக்டர்தான். யாரும் சரியாக் காதுல வாங்கல, கடைசில அவரு ஆஸ்திரேலியாவுக்கே போயிட்டாரு. 2001ல வந்த விசாரணை அறிக்கை, 1991லேர்ந்து 1995 வரைக்கும் ஒரு வயசுக்குக் கீழ 30லேர்ந்து 35 குழந்தைங்க வழக்கத்த விட அதிகமா செத்துருக்குன்னு சொல்லுச்சு. இப்ப அங்க சிகிச்சைல தப்பு நடந்து நோயாளிக்குப் பெரிய பாதிப்பு வந்தா ஆஸ்பத்திரியே நோயாளிட்ட சொல்லியாகணும்னு 2014லேர்ந்து விதி இருக்கு. ஆஸ்திரேலியால 2010லேர்ந்து, குடிச்சுட்டு சிகிச்சை பாக்கறது, நோயாளிட்ட தப்பா நடக்கறது, சிகிச்சைல மோசமாத் தவறிப்போயி ஆபத்து வரவைக்கறதுன்னு இதெல்லாம் கூட வேலை பாக்கறவங்களுக்குத் தெரிஞ்சா புகார் பண்றது சட்டப்படி கட்டாயம். நம்ம 1.7ல செய்யணும்னு இருக்கு, யார்ட்ட, எத்தன நாளுக்குள்ள, சொன்னவருக்கு என்ன பாதுகாப்புன்னு ஒரு வார்த்த கூட கெடையாது. எங்க மயக்க டாக்டர் மூணு வாரம் தூங்காம யோசிச்சதுக்கு அது ஒரு காரணம்.

நானும் ஒரு தொழில்ல இருக்கறவன், உரக்கடை வச்சிருக்கேன். கலப்படப் பொட்டாஷ் எந்தக் கடையில வித்தாங்கன்னு எங்க வியாபாரிங்க எல்லாருக்கும் தெரியும், அதிகாரி வந்தா எல்லாரும் வாய மூடிட்டு நிப்போம், நானும் நின்னுருக்கேன். பயிர் போன விவசாயி எங்கம்மா மாதிரி ஒருத்தர்தான்னு இந்த ஒரு வருஷத்துலதான் எனக்கு ஒறச்சுது. அதனாலதான் டாக்டரம்மா பண்ணது எவ்ளோ பெருசுன்னு எனக்குத் தெரியும். அவங்க வாயால சொல்ல மாட்டாங்க, ஆனா ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணு சொல்லுச்சு, முன்னாடி கேஸ் அனுப்பிட்டு இருந்த சில டாக்டருங்க இப்ப அனுப்பறதில்லையாம், ஏதோ விசேஷத்துல பாத்தப்ப ஒருத்தர் மொகத்தத் திருப்பிக்கிட்டாராம்.

மொத ஆஸ்பத்திரிட்ட கேஸ் ஷீட், அதாவது அம்மாவுக்குப் பாத்த சிகிச்சையெல்லாம் எழுதி வச்ச குறிப்பு, அதக் கேட்டோம். நோயாளி கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும், மூணு வருஷம் வரைக்கும் பத்திரமா வச்சிருக்கணும், இதுவும் அதே 2002 விதிதான். ரெண்டு தடவ நேர்ல போயி இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்தடிச்சாங்க, டாக்டரம்மா சொன்ன மாதிரி ஒப்புகை அட்டையோட பதிவுத் தபால்ல எழுதிப் போட்டேன், பதினோராம் நாள் வந்துச்சு. அதுல மாப் எண்ணிக்கை எழுதற கட்டத்துல மட்டும் வேற மை. ஆபரேஷனுக்கு முன்னாடி பத்து, பின்னாடி பத்து, ஒரே ஓட்டத்துல எழுதின எழுத்து. துணிய மறந்தது மனுஷத் தப்பு, அத நான் மன்னிச்சுருவேன், எங்கம்மா எப்பவோ மன்னிச்சுட்டாங்க. நாலு மாசம் வலின்னு வந்து நின்னவங்கள கேஸ்னு திருப்பி அனுப்பிட்டு, அப்பறம் உக்காந்து பத்துன்னு எழுதினாங்க பாருங்க, அது வேற.

நாங்களும் ஆடி மாசம் தனியா புகார் அனுப்பினோம், சென்னைல தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலுக்கு. ஆறு மாசத்துல முடிவு எடுக்கணும்னு விதி, இப்ப எட்டு மாசம் ஆச்சு. ஒரு தடவ விசாரணைக்குக் கூப்புட்டாங்க, உழவன் எக்ஸ்பிரஸ்ல அம்மாவக் கூட்டிட்டுப் போனேன், டாக்டரம்மா அன்னிக்கு ஓபிய மூடிட்டு அதே வண்டில வந்திருந்தாங்க. இன்னொண்ணு, கவுன்சில் முடிவு பிடிக்கலன்னா டாக்டர் டெல்லில இருக்கற ஆணையத்துக்கு மேல்முறையீடு போலாம்னு 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்துல எழுதியிருக்கு, நோயாளி போலாம்னு எழுதல. அத மாத்தணும்.

ஆஸ்பத்திரி பத்தி மிச்சம். பில்லு மொத்தம் 78,000, ஒவ்வொரு ஊசி மருந்துக்கும் தனித்தனியா வரி போட்டிருந்தாங்க, கேட்டா பொறுமையா வெளக்குறாங்க, ஆனா காப்பீடு இல்லாததால அம்மா சங்கிலிய அடகு வச்சுத்தான் கட்டுனேன், அது பெரிய கொறைதான். ராத்திரி சிஸ்டருங்க ரெண்டே பேரு, மணி அடிச்சா வர நேரமாவுது. மாடிப்படி குறுகல், ஆபரேஷன் பண்ணவங்கள நாற்காலில வச்சுத் தூக்கித்தான் எறக்குறாங்க. பாத்ரூம் சுத்தம். கேன்டீன் இல்ல, தெருமுனைல ஒரு மெஸ் இருக்கு, இட்லியும் கஞ்சியும் நல்லா இருக்கும், நோயாளிக்குன்னா ஒரப்பில்லாத சட்னி தனியா எடுத்துத் தராங்க.

அம்மா இப்ப நல்லா இருக்காங்க, ஆறு கிலோ ஏறிட்டாங்க, வயலுக்குப் போவேன்னு தெனம் சண்ட. ஓபி திங்கள்லேர்ந்து சனி வரைக்கும், காலைல மட்டும். போறவங்க பழைய சீட்டு, ஸ்கேன், பில்லு, சம்மரி எதையும் விடாம ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. டாக்டரம்மா ஒவ்வொண்ணா எடுத்துத் தேதி வாரியா அடுக்கி முழுசாப் படிப்பாங்க, டோக்கன் லேட்டாவுறது அதனாலதான்.